சிவப்பு வட்டத்துக்குள் ஓர் அப்பா

போன செவ்வாய்க்கிழமை மதியம் நான் ஒரு சந்தேக நபர் ஆனேன்.

நானாக ஆகவில்லை. ஆக்கினார்கள். திருப்பதியில் ஒரு வெப் சேனல், அதாவது செல்போனில் பார்க்கிற நியூஸ் சேனல், என் போட்டோவைப் போட்டு, தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வரைந்து, வட்டம் போதாதென்று ஓர் அம்புக்குறியும் வைத்து, பேய்ப் படத்தில் கதவு தானாகத் திறக்கும்போது வருமே, அப்படி ஒரு மியூசிக்கையும் சேர்த்து வெளியிட்டது. 'லேடீஸ் ஹாஸ்டல் அருகே அனுமானாஸ்பத வ்யக்தி!' தெலுங்கில் சந்தேக நபரை அப்படித்தான் சொல்வார்கள். எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது, பாருங்கள். இத்தனை வருஷம் இன்சூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்தும் எனக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்ததில்லை.

அந்தச் சேனலில் நிருபராக இருப்பது யார் தெரியுமா? என் சொந்த மகள்.

 எங்கேயாவது வாக்கியம் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலிலிருந்து வருகிறேன்.

ப்ளெஸ்ஸி எங்களுக்கு ஒரே பெண். ஜர்னலிசம் படிக்கிறேன் என்றாள். நான் பி.எட். என்றேன். அவள் ஜர்னலிசம் படித்தாள். எங்கள் வீட்டில் விவாதங்கள் இப்படித்தான் முடியும். படித்து முடித்ததும் திருப்பதியில் இந்த வேலை. ஆபீஸ் இருக்கிற சந்திலேயே ஹாஸ்டல். சித்தூரில் எக்ஸ்பிரஸ் பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் திருப்பதி. பக்கம்தான். ஆனால் பெண்ணைப் பெற்றவனுக்கு எந்த ஊர் பக்கம்?

என் தொழிலும் அப்படி. மனிதனுக்கு என்னவெல்லாம் ஆகக்கூடும் என்று யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். படிக்கட்டைப் பார்த்தால் எனக்குப் படிக்கட்டு தெரியாது. இடுப்பெலும்பு முறிவு தெரியும். கேஸ் சிலிண்டரைப் பார்த்தால்... வேண்டாம், நீங்கள் சமைத்துக்கொண்டிருப்பீர்கள். இப்படிப்பட்டவனின் மகள், மணல் லாரிகளைப் பற்றி ஒரு செய்தி போட்டேன் என்று திங்கட்கிழமை குதூகலமாகச் சொல்கிறாள். செவ்வாய்க்கிழமை காலை போன் எடுக்கவில்லை.

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. என் கண் முன்னால் ஒரு மணல் லாரி வந்து நின்றது.

"மீட்டிங்குல இருப்பா," என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. அவள் ஸ்கூல் டீச்சர். எதற்கும் பதறாத ஜாதி.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னாத்துக்கு? போன வாட்டி சொல்லாம கொள்ளாம ஹாஸ்டல் வாசல்ல போய் நின்னீங்க. ஹாஸ்டல் பொண்ணுங்கல்லாம் சிரிக்கிறாங்கன்னு அவ அழுதா. இன்னொரு வாட்டி வந்தா பேசவே மாட்டேன்னு சொல்லிகீறா. மறந்துட்டீங்களா?"

"அவ பாக்காத மாதிரி பாத்துட்டு வந்துடறேன்."

ஸ்டெல்லா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போனாள். ஊறுகாய் ஜாடி வைத்த ஒரு துணிப்பையோடு வந்தாள். "போறதுதான் போறீங்க, இந்த ஆவக்காய ஹாஸ்டல்ல குடுத்துட்டு வந்துடுங்க."

பார்க்காமல் பார்க்க வேண்டும், கொடுக்காமல் கொடுக்க வேண்டும். இது எப்படி நடக்கும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யார் யோசிக்கிறார்கள்?

ப்ளெஸ்ஸி என்னை அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று தொப்பி, மாஸ்க், கூலிங் கிளாஸ் எல்லாம் போட்டுக்கொண்டேன். திருப்பதி வெயிலில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. சட்டை மட்டும் கைக்குக் கிடைத்த சட்டை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச் பாடகர் குழு ஆண்கள் எல்லோரும் ஒரே துணி எடுத்து, ஒரே டெய்லரிடம் தைத்துக்கொண்ட மெரூன் சட்டை. வெள்ளைக் கட்டம் போட்டது. இந்தச் சட்டையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பதியில் பைராகிப்பட்டெடா பக்கம் ஒரு சந்து. கீழே டயர் கடை, மாடியில் சேனல் ஆபீஸ், எதிரே சற்றுத் தள்ளி ஹாஸ்டல். நான் ஒரு கரண்ட் கம்பத்துக்குப் பின்னால் மறைந்து நின்றேன். கம்பம் ஒல்லி. நான் ஒல்லி இல்லை. சரிப்படாது என்று நிறுத்தியிருந்த ஓர் ஆட்டோவின் பின்னால் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் ஆட்டோ கிளம்பிப் போய்விட்டது. நான் மட்டும் குனிந்தபடியே நின்றேன்.

அப்போதுதான் சந்து முனையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். பெயர் சீனு என்றும், அவர் அந்தச் சேனலின் கான்ட்ரிப்யூட்டர் என்றும் பிற்பாடுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் பேட்டைக்கு ஒருவர் இப்படி உண்டு. தன் கடையைப் பார்த்துக்கொண்டே செய்தியும் போட்டோவும் அனுப்புவார். பைக்கில் 'பிரஸ்' என்று பெரிதாக எழுதியிருக்கும். நம்பர் பிளேட்டை அதற்குக் கீழே தேட வேண்டும்.

"எவரு மீரு? எவரி கோசம்?" என்றார். யார் நீங்கள், யாருக்காக நிற்கிறீர்கள்?

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ப்ளெஸ்ஸிக்குப் போய்விடும். "பஸ் கோசம்," என்றேன்.

அந்தச் சந்தில் பஸ் வராது. ஒரு எருமை எதிரே வந்தால் ஸ்கூட்டர் பின்வாங்க வேண்டும்.

"ஏ பஸ்சு?" என்றார். எந்த பஸ்?

"ஏதைனா பர்வாலேது," என்றேன். எதுவானாலும் பரவாயில்லை.

அந்த நேரம் பார்த்து ஜாடியின் மூடி தளர்ந்திருக்க வேண்டும். பையின் அடியிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு என் செருப்பின்மேல் விழுந்தது. சீனு சொட்டைப் பார்த்தார். என் கூலிங் கிளாஸைப் பார்த்தார். முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து போனார். மரியாதையான மனிதர் என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் மாடிப்படியில் ப்ளெஸ்ஸி இறங்கி வந்தாள். கையில் மைக். யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள். ஸ்கூட்டரை எடுத்தாள். ஹெல்மெட் போட்டாள்... போட்டதோடு விடாமல் தாடைக்குக் கீழே கிளிப்பையும் மாட்டினாள்! சித்தூர் மாவட்டம் முழுக்க இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்த்தவன் சொல்கிறேன், கிளிப் மாட்டுகிற ஆளை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். கூலிங் கிளாஸுக்குள் கண் கலங்கிவிட்டது. வந்த காரியம் முடிந்தது. ஹாஸ்டல் வாசலில் ஊறுகாயைக் கொடுக்கப் போனேன். வாட்ச்மேன் பேர் கேட்டார். ஓடி வந்துவிட்டேன்.

திரும்பி வரும் பஸ் சந்திரகிரியைத் தாண்டவில்லை, போன் டிங் என்றது. எங்கள் சர்ச் குரூப்பில் எஸ்தர் அக்கா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். ஊரில் எது நடந்தாலும் முதலில் அவருக்கு வரும். கீழே ஒரு வரி: "இது நம்ம கொயர் சட்டை மாதிரி கீதே?"

வட்டம். அம்பு. மியூசிக். அதற்குள் நான், குனிந்த கோலத்தில்.

செய்தியை அப்படியே சொல்கிறேன். 'ஹாஸ்டல் அருகே நீண்ட நேரம் சுற்றிய மர்ம ஆசாமி. முகத்தை முழுவதும் மறைத்திருந்தார். விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்தார். கையில் மர்மப் பை. பையிலிருந்து சொட்டியது என்ன? ரத்தமா?'

இதில் பொய் எங்கே, சொல்லுங்கள். சுற்றினேன். மறைத்திருந்தேன். முரணாகத்தான் பதிலளித்தேன். என்னிடம் விளக்கம் கூடக் கேட்டிருக்கிறார்கள்! மிச்சம் இருப்பது ரத்தம். அதற்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டார்கள். கேள்விக்குறி இருக்கிறதே, அது ரொம்ப வசதியான சாமான். அதைக் கடைசியில் மாட்டிவிட்டால் யாரைப் பற்றியும் எதையும் சொல்லலாம். 'நாங்கள் சொல்லவில்லையே, கேட்டோம்.'

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பஸ் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளை பிடிக்கிறவன் என்று இப்படி ஒரு போட்டோ சுற்றினதால் அடிபட்ட அப்பாவிகள் உண்டு. இன்னும் அரை மணி நேரம் அந்தச் சந்தில் நின்றிருந்தால்? தொப்பியைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். ஊறுகாயில் விழுந்தது.

அதற்குள் சர்ச் குரூப் பற்றி எரிய ஆரம்பித்துவிட்டது. முகம் தெரியவில்லை, சட்டை தெரிகிறது. அந்தச் சட்டை பாடகர் குழு ஆண்கள் அத்தனை பேரிடமும் இருக்கிறது. ஒவ்வொருவராக சாட்சியோடு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் காலையிலிருந்து கடையில் இருப்பதாகக் கல்லாப்பெட்டியோடு செல்ஃபி. இன்னொருவர் தன் சட்டை பீரோவில் இருப்பதாக பீரோவின் போட்டோ. மூன்றாமவர் தான் வீட்டில் இருப்பதை நிரூபிக்க அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு ஒரு போட்டோ. அதைப் பார்த்தால் சந்தேகம் கூடத்தான் செய்தது.

மாட்டிக்கொண்டது சாம்சன். டெனர் பாடுகிறவர், பஞ்சு மனசுக்காரர், மனைவி மெர்ஸிக்குப் பயந்தவர். அன்றைக்கு அவர் நிஜமாகவே திருப்பதி போயிருந்தார். பல் டாக்டரிடம். தாடை மரத்துப்போய் இருந்ததால் குரூப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் யாருக்கும் புரியவில்லை. "குடிச்சிகீறாரா?" என்று எஸ்தர் அக்கா கேட்டார். கேள்விக்குறியோடு.

நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, எதிர்ப் பக்கம் வந்த திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். ப்ளெஸ்ஸிக்குப் போன் அடித்தேன். இப்போது எடுத்தாள்!

"சாரி நைனா, காலையில பஞ்சாயத்து மீட்டிங், சைலன்ட்ல போட்டுகினு..."

"ப்ளெஸ்ஸி, உங்க சேனல்ல ஒரு நியூஸ் போட்டுகீறாங்க. ஹாஸ்டல்..."

"ஆமா, பாத்தேன். நான் ஃபீல்டுல இருந்தப்ப போட்டாங்க. அதுக்கு இன்னா?"

"அது நான்தான்."



"...தொப்பி?"

"வெயிலு."

"மாஸ்க்கு?"

"தூசி."

"ரத்தம்?"

"ஆவக்காய். அம்மா குடுத்தனுப்புச்சு."

"நைனா... நீ மறுபடியும் என்னைப் பாக்க வந்தியா?"

"அத அப்பால பேசலாம். முதல்ல அந்த வீடியோவ எடுத்துடு."

"நான் எடுக்க முடியாது."

"ஏன்?"

"நீ எனக்கு அப்பா."

"அதனாலதானே எடுக்கச் சொல்றேன்!"

"அதனாலதான் எடுக்க முடியாது."

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். ப்ளெஸ்ஸி வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சேனல் 'கல்யாண மண்டபத்தில் தீ?' என்று ஒரு செய்தி போட்டது. தீ இல்லை, சமையல் புகை. பந்தியில் பாதிப் பேர் பாயசத்துக்கு முன்னாலேயே ஓடிவிட்டார்கள். பெண்ணின் அப்பா ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து அழுதிருக்கிறார். ப்ளெஸ்ஸியால் தாங்க முடியவில்லை. சர்க்கார் வந்து நம்மைத் திருத்துவதற்கு முன்னால் நாமே நம்மைத் திருத்திக்கொள்வோம் என்று சேனலுக்கு நடத்தை விதிகள் எழுதிச் சுவரில் ஒட்டினாள். எந்தச் செய்திக்கும் தனித்தனியாக இரண்டு பேர் உறுதி சொல்ல வேண்டும். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட செய்தியை நிருபர் தொடவே கூடாது, போடவும் கூடாது, எடுக்கவும் கூடாது. தப்பு நடந்தால், தப்பை எவ்வளவு பெரிதாகப் போட்டோமோ அவ்வளவு பெரிதாகத் திருத்தமும் போட வேண்டும். இதைப் பாராட்டி, 'தன்னைத் தானே கட்டிப்போட்டுக்கொள்ளும் பேனாவே கூர்மையானது' என்றெல்லாம் இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் எழுதினது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். தயவு செய்து மறந்துவிடுங்கள்.

"சரி, அப்ப யார்கிட்ட புகார் சொல்றது?"

"புகார் அதிகாரிகிட்ட."

"யாரு அது?"

"...நான்தான்."

"அப்ப புகார் அதிகாரியா எடு!"

"புகார் அதிகாரிக்கும் நீ அப்பாதான் நைனா."

ஆபீசுக்குப் போனேன். இந்தத் தடவை கம்பத்தின் பின்னால் நிற்காமல் நேராக மாடி ஏறினேன். ரமணா உள்ளே இருந்தார். முதலாளி, எடிட்டர், செய்தி வாசிப்பவர், எல்லாம் அவர் ஒருவரே. மேஜைக்கு மேலே கோட்டும் டையும். மேஜைக்குக் கீழே லுங்கி. கேமராவுக்குத் தெரிகிற வரைக்கும்தானே நாகரிகம் தேவைப்படுகிறது?

"கூர்ச்சோண்டி சார்," என்று நாற்காலி போட்டார். சித்தூர்காரன் என்றதும் தமிழுக்கு வந்துவிட்டார். "ப்ளெஸ்ஸி நைனாவா நீங்க? அய்யய்யோ. ஆனா சார், ஒங்க பேரு சொல்லல. மூஞ்சி தெரியல. கேள்விக்குறி வேற போட்டுட்டோம். இன்னா ப்ராப்ளம்?"

"இரண்டு பேர் உறுதி சொல்லணும்னு ரூல் இருக்கே?"

"இருக்குதே! சீனு ஒண்ணு. இன்னொரு சேனல் பாஷா ஒண்ணு."

விசாரித்ததில் தெரிந்தது. கான்ட்ரிப்யூட்டர்களுக்குள் ஒரு பழக்கம். யாருக்குப் போட்டோ கிடைத்தாலும் எல்லோருக்கும் பொதுவான ஒரு குரூப்பில் போட்டுவிடுவார்கள். ஒருவர் அலைந்தால் எல்லோருக்கும் செய்தி. சீனு அதில் என்னைப் போட்டிருக்கிறார். பாஷா அதை எடுத்துத் தன் சேனலுக்கு அனுப்பியிருக்கிறார். உடனே சீனு பாஷாவுக்குப் போன் போட்டு, "ஹாஸ்டல் மேட்டர் உனக்கும் வந்துச்சா?" என்று கேட்டிருக்கிறார். வந்தது என்றார் பாஷா. உறுதியாகிவிட்டது. சீனு சொன்னது உண்மைதான் என்று சீனுவுக்கே தெரிந்துவிட்டது.

"விடுங்க சார்," என்றார் ரமணா. "இப்பவே டெலிட் பண்ணிடறேன். சைலண்ட்டா. மீரு ஹேப்பி, நேனு ஹேப்பி."

நான் ஹேப்பிதான். எழுந்து கைகொடுக்கவே போனேன். அப்போது கதவுக்கு வெளியே ஒரு குரல்.

"சார், டெலிட் பண்ணா பத்தாது. சவரணா போடணும்."

சவரணா என்றால் தெலுங்கில் திருத்தம். ப்ளெஸ்ஸி வாசல்படிக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தாள். உள்ளே கால் வைக்கவில்லை. சொந்தக்காரர் விவகாரமாம்.

ரமணாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சவரணா போட்டா சேனலுக்கு அசிங்கம்மா! திருப்பதியில எவன் போடறான்? ஒன் நைனாவ காப்பாத்தறதுக்குத்தான் டெலிட் பண்றேன்றேன். அப்பவும் ரூல்ஸு, ரூல்ஸுன்னா... அந்தப் பேப்பர செவுத்துல இருந்து கிழிச்சிடுவேன். அத ஒட்டினவங்களும் வேற எடம் பாத்துக்கலாம்."

"வேற யாரோட நைனாவா இருந்தா சவரணா போட்டுதானே ஆவணும் சார்? என் நைனான்னா மட்டும் ரகசியமா அழிச்சிட்டுப் போயிடறதா?" என்றாள். அப்புறம், "சாரி. நான் இதுல பேசவே கூடாது," என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு நாள் போன் எடுக்காததற்காக அவள் பிழைப்பையே கெடுத்துவிடுவேன் போலிருந்தது. வேலையும் போய், அவள் சொன்னபடி என்னோடு பேசாமலும் போனால்? "டெலிட்டே போதும்" என்று சொல்லி, அவளை இழுத்துக்கொண்டு... வாய் திறந்தேன். போன் அடித்தது. சாம்சன்.

"பிரதர்," என்றார். தாடை இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. "மெர்ஸி சோறு போடல பிரதர். திருப்பதி போனியா இல்லையான்றா. போனேன், பல்லுக்குன்றேன். அப்ப வட்டத்துல கீறது நீதான்றா."

"சாம்சன், அது வந்து..."

"நீங்கதான் பிரதர் அவகிட்ட பேசணும். கொயர்ல எல்லார் மேலயும் எனக்குச் சந்தேகம் வந்துடுச்சி. ஒங்க மேல மட்டும் வரல. நீங்க அப்படிப்பட்ட ஆளே இல்ல."

போனை வைத்தேன். வீடியோவை அழித்துவிடலாம். சாம்சன் மேல் விழுந்த சந்தேகம்?

"சவரணா போடுங்க," என்றேன் ரமணாவிடம்.

"சார்!"

"திருப்பதியில எவனும் போடறதில்லன்னு சொன்னீங்க இல்ல? நீங்கதான் ஃபர்ஸ்ட். மர்ம ஆசாமியே நேர்ல வந்து பேசறான். வேற எந்த சேனலுக்குக் கிடைக்கும்?"

ரமணா டையைச் சரி செய்தார். "எக்ஸ்க்ளூசிவா?"

"எக்ஸ்க்ளூசிவ்."

மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் திருத்தமும் செய்திதானே? அதற்கும் இரண்டு பேர் உறுதி சொல்ல வேண்டும். நான் சொன்னால் செல்லாது, நான் சம்பந்தப்பட்டவன். ப்ளெஸ்ஸி, ஸ்டெல்லா இருவரும் சொந்தம். சீனு வரவழைக்கப்பட்டார். பையிலிருந்து ஜாடியை எடுத்து வைத்தேன். முதலில் தொப்பியை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. சீனு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

"ஆவக்காயே," என்றார்.

ரமணாவும் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். "ஆவக்காயே. எவரு பெட்டினாரு சார்? அத்புதம்." யார் போட்டது என்று கேட்டுக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தார்.

ஒரே ஜாடி, ஆனால் தனித்தனி நாக்கு. விதி நிறைவேறியது.

கேமராவுக்கு முன்னால் உட்காரும்போது என் பழைய புத்தி எட்டிப் பார்த்தது. "கண் டாக்டரைப் பாக்க வந்தேன்னு சொல்லிடறேனே?" என்றேன். "கூலிங் கிளாஸுக்கும் பொருந்தும்."

"சொல்லுங்க சார், நமக்கென்ன," என்றார் ரமணா.

மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 'நைனா!' என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். கதவிடுக்கில் அவள் மடியிலிருந்த ஹெல்மெட் மட்டும் தெரிந்தது.

நல்ல வேடிக்கை. செய்தி என்னைப் பற்றித் தப்பாக வந்தபோது எனக்கு உண்மை வேண்டியிருந்தது. உண்மையே வரப்போகிறது என்றதும் ஒரு சின்னப் பொய் வேண்டியிருக்கிறது! மீடியா யோக்கியமாக இருக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் மேடை போட்டுப் பேசுகிறோம். அடுத்தவர் வீட்டுச் செய்தி வரைக்கும் அது சரி.

சொன்னேன். "எனக்கு ஒரே பொண்ணு. இந்தச் சேனல்லதான் வேலை செய்யுது. காலையில போன் எடுக்கல, பயந்துட்டேன். வராதேன்னு அது சொல்லியும் திருட்டுத்தனமா பாக்க வந்தேன். பஸ்ஸுக்கு நிக்கறேன்னு சொன்னது பொய்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க கொயர்ல வேற யாரும் வரல. சாம்சன் பல் டாக்டர்கிட்டதான் போனாரு," என்றும் சேர்த்துக்கொண்டேன். திருப்பதி மக்களுக்கு அது புரிந்திருக்காது. மெர்ஸிக்குப் புரிந்தால் போதும்.

அன்று சாயங்காலமே திருத்தம் வெளிவந்தது. விதிப்படி, தப்பு எவ்வளவு பெரிதோ திருத்தமும் அவ்வளவு பெரிது. ரமணா அதை எழுத்து மாறாமல் கடைப்பிடித்தார். அதே சிவப்பு வட்டம். அதே அம்பு. அதே கதவு திறக்கிற மியூசிக். 'ரத்தமா? இல்லை... ஆவக்காய்!' என்று ஜாடியைச் சுற்றியும் ஒரு வட்டம். 'மர்ம ஆசாமி யார்? நிருபரின் தந்தை! மகளை வேவு பார்க்க வந்தவர்!' முந்தின செய்தியில் என் முகமும் தெரியாது, பேரும் தெரியாது. திருத்தத்தில் இரண்டும் தெளிவாக இருந்தன.

ப்ளெஸ்ஸி என்னை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாள். இறங்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

"கிளிப்பு மாட்டலயா நீ?" என்றாள்.

"மறந்துட்டேன்."

"என்னை வேவு பாக்க வரியே, நீ பெரிய ஆளு," என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னாள். தகப்பனுக்குத் தெரியாதா? ஜாடியில் மிச்சமிருந்த ஆவக்காயை வாங்கிக்கொண்டு, "வரணும்னா போன் பண்ணிட்டு வா. உள்ள வந்து உக்காரு. காபி தரேன்," என்றாள்.

விதிகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. ப்ளெஸ்ஸியும் வேலையில் இருக்கிறாள். பொய்ச் செய்தியைத் திருப்பதி முழுக்கப் பார்த்தது. திருத்தத்தைப் பெரிதாக யாரும் பார்க்கவில்லை என்று ரமணா வருத்தப்பட்டார். அதாவது எங்கள் சர்ச்காரர்களைத் தவிர. சாம்சன் அதை ஒருவர் விடாமல் அனுப்பி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது பாடகர் குழு மொத்தமும் அந்த மெரூன் சட்டையில் வந்து, கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

இப்போதெல்லாம் தினமும் காலையில் ப்ளெஸ்ஸியே முதலில் போன் செய்துவிடுகிறாள். "நைனா, எங்க கீற?" என்கிறாள். சித்தூரில்தான், வீட்டில்தான் என்கிறேன்.

"ஒருத்தர் சொன்னா பத்தாது நைனா. அம்மாகிட்ட குடு."